பஸ் கட்டணமும் ஷெஃபீல்டின் இசையும்: தென் யார்க்‌ஷயர் மேயருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தென் யார்க்‌ஷயர் மேயர் அவர்களுக்கும், கூட்டு ஆட்சிக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2027 முதல் இங்கிலாந்தின் உருக்கு நகரமான ஷெஃபீல்டின் பஸ்கள் மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டுக்கு வருகின்றன. எந்தத் தடத்தில் பஸ் ஓடும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் இனி தனியார் நிறுவனங்கள் தீர்மானிக்கப்போவதில்லை. நீங்கள் தீர்மானிப்பீர்கள். அந்தக் கட்டணப் பட்டியலில் கையெழுத்திடும் முன் இந்த ஊரின் இசையை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பஸ்ஸுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இந்த ஊரில் நிறையவே உண்டு.

1970-களின் நடுவிலிருந்து 1986 வரை இங்கே சிறுவர்கள் 2 பென்ஸ் கொடுத்து பஸ் ஏறினார்கள். பெரியவர்களுக்கும் கட்டணம் சில்லறைக் காசுதான். அன்றைய மாவட்ட மன்றம் உள்ளூர் வரிப்பணத்தைக் கொண்டு அதைத் தாங்கிப் பிடித்தது. லண்டனில் இருந்த அரசு அதை ஊதாரித்தனம் என்று பார்த்தது. 1980-ல் தேசிய உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பதின்மூன்று வாரம் நீடித்தது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பன் பார்த்த வேலை மகனுக்கு இல்லை என்றானது. வேலையில்லாத பிள்ளைகளும், ஆளில்லாத பட்டறைகளும், ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சில்லறையில் போகும் பஸ்ஸும் ஒரே காலத்தில் சேர்ந்திருந்த ஊர் இது.

அந்தப் பட்டறைகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். டெஃப் லெப்பர்ட் என்ற ராக் இசைக்குழு பயிற்சி செய்தது கரண்டித் தொழிற்சாலையில். கத்தி, முள்கரண்டி செய்த பழைய பட்டறைகளில்தான் ஹியூமன் லீக் குழு ஒத்திகை பார்த்தது. கேபரே வோல்டேர் குழு 'வெஸ்டர்ன் வொர்க்ஸ்' என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்துக்கொண்டது. இவர்கள் யார்? கேபரே வோல்டேரின் கிறிஸ் வாட்சன் தொலைபேசிப் பொறியாளர். ஹியூமன் லீக்கின் பாடகர் ஃபிலிப் ஓக்கி மருத்துவமனையில் நோயாளிகளின் தள்ளுவண்டி தள்ளியவர். அதே குழுவின் மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் கணினி இயக்குநர்கள். அந்த இருவரையும் சேர்த்துவைத்தது நகர மன்றத்தின் ஆதரவில் நடந்த 'மீட்விசில்' என்ற இளைஞர் நாடகப் பட்டறை. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மின்னணு இசைக்கருவியான சிந்தசைசரை இவர்கள் கையில் எடுத்ததற்கு, இரவெல்லாம் கேட்ட உருக்காலைச் சம்மட்டியின் ஓசையும் ஒரு காரணம் என்று அந்தத் தலைமுறை இசைக்கலைஞர்கள் சிலரே சொல்லியிருக்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். அந்தப் பழைய பதிவுகளைக் கேட்டால் நீங்களும் நம்புவீர்கள்.

உடுப்பும் அங்கிருந்துதான் வந்தது. ஓக்கியின் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையான அந்தப் புகழ்பெற்ற சிகையலங்காரம், பஸ்ஸில் பார்த்த ஒரு பெண்ணின் கூந்தலிலிருந்து பிறந்தது. 1980-ல் 'கிரேஸி டெய்ஸி' என்ற நடன விடுதியில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளை அவர் தன் குழுவுக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டன் முழுக்க அவர்கள் பாட்டுதான் முதலிடம். 'பல்ப்' குழுவின் ஜார்விஸ் காக்கர் தர்ம விற்பனைகளில் கிடைத்த பழைய கோட்டுகளை அணிந்தே தனக்கென ஒரு தோற்றத்தை உருவாக்கினார். காசில்லாதவர்களின் இந்த அலங்காரப் பெருமை இங்கே பழையது. கத்தியும் கரண்டியும் மெருகேற்றிய 'பஃபர்' பெண்கள் அழுக்குப் படாமலிருக்கப் பழுப்புக் காகிதத்தை உடம்பில் சுற்றி, தலையில் துணி கட்டி, வேலை நேரம் முழுக்கப் பாடியவர்கள். வேலை முடிந்து வெளியே கிளம்பும்போது எவருக்கும் குறையாமல் உடுத்தியவர்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரின் நாகரிகத்தைப் பேசுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

1986 ஏப்ரலில் மாவட்ட மன்றம் கலைக்கப்பட்டது. கட்டணம் பல மடங்கு ஏறியது. அதே அக்டோபரில் பஸ்கள் தனியார் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டன. அதோடு இசை நின்றுவிடவில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். 1989-ல் தொடங்கிய 'வார்ப்' நிறுவனத்தின் முதல் இசைத்தட்டை வெளியிட்ட குழு, உருக்காலையின் பெயரிலேயே தன்னை 'ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ்' என்று அழைத்துக்கொண்டது. பிறகு வடக்குக் கோடியில் உள்ள ஹை கிரீனிலிருந்து 'ஆர்க்டிக் மங்கீஸ்' குழுவினர் வந்தார்கள். கட்டணம் ஏறிய பிறகும் முளைத்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. பஸ்ஸுக்குக் காசில்லாமல் வீட்டோடு இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

அருங்காட்சியகம் கட்டினால் ஈடாகிவிடும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1999-ல் சுமார் 15 மில்லியன் பவுண்டு செலவில், நான்கு பெரிய எஃகு முரசுகள் வடிவில், வெகுஜன இசைக்கான தேசிய மையம் இங்கே திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்றார்கள். அடுத்த ஆண்டே மூடினார்கள். இன்று அது ஒரு பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடம். அந்தப் பணத்தில் எத்தனை ஆண்டுகள் எத்தனை இரவுப் பஸ்கள் ஓடியிருக்கும் என்று யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. இதற்கிடையில், 1980-ல் பழைய மாவு மில்லில் தொடங்கி 45 ஆண்டுகள் நடந்த 'லெட்மில்' அரங்கு, நில உரிமையாளரோடு நடந்த வழக்கில் தோற்று 2025-ல் அந்த இடத்தைக் காலி செய்தது.

நான் தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடியேறியவள். எங்கள் மாநிலத்தில் 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணம் இல்லாமல் பயணம் செய்கிறார்கள். வேலைக்குப் போகத்தான் என்று தொடங்கிய பேச்சு, உறவினர் வீட்டுக்கு, கோயிலுக்கு, கடைத்தெருவுக்கு என்று விரிந்ததை என் சொந்தக்காரப் பெண்களிடம் கேட்டிருக்கிறேன். யாரிடமும் பஸ் காசு கேட்டு நிற்கவேண்டாம் என்றானதும் மனிதர்கள் தங்கள் ஆசைக்காகவும் வெளியே கிளம்புகிறார்கள். இங்குள்ள பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அது பொருந்தும். இங்கிலாந்து அரசு 2025 ஜனவரியில் ஒருவழிக் கட்டண உச்சவரம்பை 2 பவுண்டிலிருந்து 3 பவுண்டாக உயர்த்தியது. பெரியவர் ஒருவருக்குப் போக 3 வரை, வர 3 வரை. அதற்கு மேல்தான் இசை நிகழ்ச்சிக்கான நுழைவுச் சீட்டு.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் 1970-களின் கட்டணத்தை இன்றே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. 22 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு பெயரளவுக்கு ஒரு கட்டணம் வையுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் ஹை கிரீன், மேனர், இன்டேக், பிட்ஸ்மூர் ஆகிய இடங்களுக்குக் கடைசி பஸ் நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு கிளம்பட்டும். ட்ராம் 2024 முதல் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதே சீட்டு அதிலும் செல்லட்டும்.

இன்னொன்று. புதிய பஸ் சேவை குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களைப் பகல் நேரத்தில் நகர மண்டபத்தில் மட்டும் நடத்தாதீர்கள். ஓர் இரவாவது நகரின் நீப்சென்ட் பகுதியில் உள்ள இசை ஒத்திகைக் கூடம் ஒன்றில் வந்து உட்காருங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே இருப்பவர்களிடம், இப்போது எப்படி வீடு திரும்புவீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். பதில்களைக் குறித்துக்கொண்டு அதன் பிறகு நேர அட்டவணையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஷெஃபீல்டு பஸ்களில் தினமும் பயணிக்கும் ஒரு தாய்