கார்னேஷன் சென்ட்டில் கிராம்பு

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்றதில் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் தொடர்கிறது.

மருமகள் வாங்கிய சென்ட்டில் கார்னேஷன் என்று போட்டிருக்கிறது, முகர்ந்தால் கிராம்பு வாசம், போலிச் சரக்கா என்று கேட்டிருந்தாய். போலி இல்லையப்பா. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் கார்னேஷன் பூவிலேயே உண்டு. உடனே உங்கள் கோத்தகிரிப் பசுமைக்குடில் பூவை முகர்ந்துவிட்டு என்னோடு சண்டைக்கு வராதே. அதெல்லாம் பொக்கேக்கு வளர்க்கும் ரகம், வாசம் சொற்பம்.

நல்ல வாசமுள்ள பூவிலும் கிடைக்கும் சாறு மிகக் கொஞ்சம், விலை கட்டாது. அதனால் கிராம்பு இலை எண்ணெயிலிருந்து யூஜினாலைப் பிரித்து, காரம் (ஆல்கலி) சேர்த்துச் சூடாக்கி ஐசோயூஜினால் ஆக்குவார்கள். யூஜினாலின் முரட்டுத்தனம் அதில் குறைவு, பூவின் சாயல் கூடுதல். இரண்டையும் ரோஜா, வனிலா வாசங்களோடு கலந்தால் கார்னேஷன் வந்துவிடும். (வனிலா எசன்ஸில் இருக்கும் வனிலினையே ஒரு காலத்தில் யூஜினாலிலிருந்துதான் செய்தார்கள்.) 1927-ல் வந்த காரோன் கம்பெனியின் பெல்லோட்ஜியா சென்ட் இந்த வகைக்குப் பேர்போனது. 1948-ல் வந்த நினா ரிச்சியின் லேர் டு டான் சென்ட்டிலும் நடுவில் இந்தக் கார்னேஷன்தான்.

கிராம்பு மொக்கிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு தரம். பச்சை மொக்கு சிவக்கத் தொடங்கும்போது, விரிவதற்குள் கையால் பறித்துக் காயவைக்க வேண்டும். காய்ந்த கிராம்பில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கும். அதில் யூஜினைல் அசிடேட்டும் இருப்பதால் ஒரு பழ இனிப்பு தெரியும். இலை எண்ணெய் மலிவு, ஆனால் பல் டாக்டர் கிளினிக் நெடி அடிக்கும். எனக்குப் பிடித்தது மொக்கு எண்ணெய்தான்.

மருமகளிடம் ஒன்று சொல். யூஜினால், ஐசோயூஜினால் இரண்டும் சிலருக்குத் தோல் அலர்ஜி தரும். ஐரோப்பாவில், தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே லேபிளில் பெயர் போட்டாக வேண்டும். ஐசோயூஜினாலுக்கு வாசனைத் தொழில்காரர்களே கடுமையான வரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய கார்னேஷன் சென்ட்டுகளின் காரம் இப்போது அப்படியே வராததற்கு அதுவும் ஒரு காரணம். நமக்கு வருத்தம்தான், ஆனால் அரிப்பு வந்தவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? துணியில் அடித்துக்கொள்ளச் சொல், கறை படிகிறதா என்று முதலில் ஓரத்தில் பார்க்கட்டும்.

அப்புறம், இங்கே கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியுமா? மாறாமலைப் பக்கம் விளைவது. வரும்போது வாங்கித் தருகிறேன். மருமகளின் சென்ட் பாட்டிலை மறக்காமல் கொண்டு வா, நானும் முகர்ந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
தங்கராஜ்
நாகர்கோவில்