ஹோல்டனும் என் சின்னவளும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பதவி உயர்வு இந்தத் தடவையும் தள்ளிப்போனது வருத்தம்தான். கலந்தாய்வு தேதி வந்ததும் எழுது.

இங்கே அமெரிக்காவில் பத்தாவதில் இங்கிலீஷ் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டிருந்தாய். சின்னவள் இப்போது படிப்பது இந்த ஊர் எழுத்தாளர் சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை'. 1951-ல் வந்த நாவல். நம் காலத்து நான்-டீடெயில் மாதிரி சுருக்கியது இல்லை. கெட்ட வார்த்தை உட்பட ஒன்றுவிடாமல் முழுசாகப் படிக்கிறார்கள். 1960-ல் ஓக்லஹோமாவில் டல்சா நகரத்து டீச்சர் ஒருவர் பதினோராம் வகுப்புக்கு இதைக் கொடுத்ததற்காக வேலையையே இழந்தார், பிறகுதான் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அதே புத்தகத்துக்கு மார்க். படம் பார்த்து ஒப்பேற்றவும் வழியில்லை. சாலிஞ்சர் 2010-ல் சாகும்வரை இந்த நாவலுக்குச் சினிமா உரிமை கொடுக்கவே இல்லை.

கதை உனக்குத் தெரிந்திருக்கும். கதாநாயகன் ஹோல்டனுக்குப் பதினாறு வயது. நாலு பாடத்தில் ஃபெயில், இங்கிலீஷில் மட்டும் பாஸ். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்பே ராத்திரியோடு ராத்திரியாக ஹாஸ்டலைவிட்டுக் கிளம்பி, வீட்டுக்கும் போகாமல் நியூயார்க்கில் சுற்றுகிறான். வரும் வழியில் ஒரு அம்மா ரயிலேறி அவன் பக்கத்தில் உட்காருவது எங்கே தெரியுமா? எங்கள் ஊர், நியூஜெர்சி ட்ரென்டன் ஸ்டேஷனில்! நான் வேலைக்கு வண்டி பிடிக்கிற இடம். அந்த அம்மாவின் மகன் ஹோல்டனோடு படிக்கிற படுபாவி. இவனோ, 'உங்க பையன் ரொம்பக் கூச்ச சுபாவம், அடக்கம்' என்று வாய்கூசாமல் அளக்கிறான். லீவுக்கு முன்பே ஏன் போகிறாய் என்று கேட்டால், மூளையில் சின்னக் கட்டி, ஆபரேஷன் என்கிறான். சின்னவள் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரித்தாள்.

வகுப்பில் டீச்சர் பேசுவது குறைவு. வட்டமாக உட்காரவைத்துப் பிள்ளைகளைப் பேசவிடுகிறார், வாய் திறக்காதவர்களுக்கு மார்க் கிடையாது. புத்தகம் முழுக்கக் கலர் ஒட்டுச்சீட்டு. ஹோல்டனின் சிவப்புத் தொப்பிக்கு ஒரு நிறம், சென்ட்ரல் பார்க் வாத்துகளுக்கு ஒன்று, அவனுடைய செத்துப்போன தம்பி ஆலிக்கு ஒன்று.

கட்டுரை என்று வந்ததும்தான் வம்பு. முதல் பத்தியில் வாதம், அடுத்து பக்க எண்ணோடு சான்றுகள், கடைசியில் முடிவுரை. சின்னவள் ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதினாள். பந்து வராத நேரத்தில் வாசிப்பதற்கென்று அதில் பச்சை மையால் கவிதைகள் எழுதிவைத்திருப்பான். பாதியில் எங்கப்பாவின் கணக்கு நோட்டுக்குத் தாவிவிட்டாள். உனக்கு ஞாபகம் இருக்குமே, கடைப் பாக்கிக்கு நடுவே திருப்புகழ் எழுதிவைப்பாரே, அது. 'தலைப்பைவிட்டு விலகிவிட்டாய்' என்று ஓரத்தில் எழுதி மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்.

நாவலிலேயே இது வருகிறது மாப்ளே. ஹோல்டன் ஃபெயிலான பேச்சு வகுப்பில், பேசுகிறவன் தலைப்பைவிட்டு நகர்ந்தால் மற்றவர்கள் 'டைக்ரஷன்!' என்று கத்த வேண்டும். ரிச்சர்ட் கின்செல்லா என்ற பையன் அப்பா வாங்கிய பண்ணையில் ஆரம்பித்து, நாற்பத்திரண்டு வயதில் போலியோ வந்த மாமாவிடம் போய்விடுவான். தன்னை அந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாதென்று ஆஸ்பத்திரிக்கு ஒருவரையும் வரவிடாத மாமா. கத்தித் தீர்த்தார்கள், அந்தப் பேச்சுக்கு எஃப், பாடத்துக்கு மொத்தமாக டி-பிளஸ்தான் கிடைத்தது. ஹோல்டனுக்கோ அந்த மாமா கதைதான் பிடித்தது.

இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்தது அவள்தான். டீச்சரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டு என்றேன். "வேண்டாம்பா, அன்டோலினி சார் கேக்குறதும் நியாயம்தானே" என்கிறாள். ஹோல்டனின் பழைய வாத்தியார் அவர். மாமாவைப் பற்றித்தான் பேச ஆசையென்றால் அவரையே தலைப்பாக எடுத்திருக்கலாமே என்பார். எனக்கு ஒப்பவில்லை. எதில் ஆசை என்பது பேச ஆரம்பித்த பிறகுதான் பல நேரம் தெரியும் என்று ஹோல்டன் சொல்கிற பதிலே போதும். வீட்டில் இன்னும் வாதம் ஓயவில்லை. வாத்தியார் நீ, உன் கையில் அந்தப் பேப்பர் வந்திருந்தால் என்ன போட்டிருப்பாய்?

சின்னவளுக்குத் தாத்தா நோட்டைப் பார்க்க வேண்டுமாம். எங்க வீட்டுப் பக்கம் போனால் அண்ணனிடம் கேட்டு நாலு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு. திருப்புகழ் இருக்கிற பக்கமாகப் பார்த்து எடு, பாக்கி வைத்தவர்கள் பெயர் தெரிய வேண்டாம். அதில் உங்கப்பாவும் உண்டு.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் ட்ரென்டன்காரன்