வாதி ஷாப் பயணம்: வெள்ளி, நவம்பர் 14

அனைவருக்கும் வணக்கம். வாதி ஷாப், ஓமானில் திவி ஊருக்குப் பக்கத்தில் குளங்களும் குகையும் உள்ள மலைப் பள்ளத்தாக்கு. மஸ்கட்டிலிருந்து காலை 5:30க்குக் கிளம்புகிறோம். சூர் போகும் நெடுஞ்சாலையில் திவி வரை சுமார் 140 கி.மீ. தாமதமானால் படகுக்கு வரிசை நீளும்.

1. பாலத்தடியில் படகில் அக்கரை போகணும். போக வர ஆளுக்கு 1 ரியால், சில்லறையாகக் கொண்டு வாங்க. கழிப்பறை பார்க்கிங்கில் மட்டும்தான்.

2. அங்கிருந்து குளங்களுக்கு 45 நிமிட நடை. தேய்ந்து பளபளக்கும் சுண்ணாம்புப் பாறையில் ரப்பர் செருப்பு வழுக்கும். பிடிப்புள்ள, நனைந்தாலும் பரவாயில்லாத ஷூ போடுங்க. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர்.

3. நீச்சல் தெரியாதவர்கள் முதல் குளத்தோடு நிற்கணும். கடைசிக் குகைக்குள் போகும் பாறை இடுக்கு தலை நுழையும் அகலம்தான்; அங்கே கால் எட்டாது. உள்ளே அருவி. குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம் (காற்றடைத்த வளையம் வேண்டாம், கவிழும்).

4. மேலிருந்து குதிக்காதீங்க. ஒவ்வொரு வெள்ளமும் அடியில் கற்களைப் புரட்டிப் போடும். போன தடவை இருந்த ஆழம் இப்போது இருக்காது.

5. மலையில் மழை என்றால் பயணம் ரத்து. நம் தலைக்கு மேல் வெயிலடித்தாலும் வெள்ளம் வரும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளி மிதந்து வந்தாலோ பையை விட்டுட்டு பக்கத்து மேட்டில் ஏறுங்க. பள்ளத்தாக்கு வழியே கீழே ஓடக்கூடாது.

6. ஆண், பெண் இருபாலரும் தோள், முழங்கால் மூடிய உடையோடு நீந்தணும்.

புதன் இரவுக்குள் பதில் போடுங்க: எத்தனை பேர், நீச்சல் தெரிந்தவர் எத்தனை, காரில் காலி இடம் உண்டா.