பழுதானால் யார் பார்ப்பது?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய காணொளியைப் பார்த்தோம். இரண்டு கால், இரண்டு கையோடு ஒரு ரோபோ மேசையருகே நின்று சட்டை மடிக்கிறது. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சட்டையைத் தானாக மடித்து வைக்காத மனிதர், அந்த இயந்திரம் கைப்பகுதியைச் சரியாக மடிக்கவில்லை என்று குறை சொன்னார். நான் கவனித்தது வேறு. காட்சி வேகமாக ஓட்டப்பட்டிருக்கிறது என்று திரையின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். உண்மையான வேகத்தில் ஒரு சட்டைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? கசங்கிய சாரத்தைக் கொடுத்தால் என்ன செய்யும்? எங்கள் கடற்கரை மணலும் உப்புக்காற்றும் அதன் மூட்டுகளுக்குள் போனால் யார் கழற்றித் துடைப்பது? இதற்கெல்லாம் அந்தக் காணொளியில் பதில் இல்லை. "அம்மா, எதிர்காலம் வந்துவிட்டது" என்று நீ எழுதியிருந்தாய். வரட்டும். வந்தவர் கல்லடியில் ஒரு கச்சான் காற்றுக் காலத்தைக் கழித்துக் காட்டட்டும், பிறகு கதிரை போட்டு உட்கார வைக்கலாம்.

இவ்வளவு காலம் பௌதிகம் படிப்பித்தவளுக்கு இயந்திரத்தின் மேல் என்ன கோபம் இருக்கப்போகிறது? எனக்கு ஒத்துவராதது செய்தி எழுதுகிறவர்களின் போக்குத்தான். இருட்டான மேடையில் ஒரு விளக்கைப் போட்டு, கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் வந்து ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினால் அது செய்தி. சில வருடம் கழித்து அதே பொருள் பற்றரி வீங்கி அலுமாரிக்குள் கிடந்தால் அது செய்தியில்லை. ஆகவே எந்தப் புதுப் பொருளைப் பற்றிப் படித்தாலும் பழுதானால் யார் பார்ப்பது என்றுதான் முதலில் கேட்கிறேன். உனக்கு இது கிழவிப் பேச்சாகத் தோன்றலாம். கேட்டுக்கொள்.

என் கைத்தொலைபேசி சென்ற மாதம் மத்தியானத்துக்குள்ளேயே அணைந்துவிடத் தொடங்கியது. வாங்கிய இடத்தில் கேட்டேன். இந்த மாடலுக்கு இனி உதிரிப்பாகம் வராது, புதிதாக ஒன்றை எடுங்கள் என்றார்கள். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு தம்பி சிறிய கடை வைத்திருக்கிறார், அவரிடம் கொண்டு போனேன். சூடாகும் தட்டின் மேல் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பால் நுழைத்துப் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே பற்றரியையும் பசை போட்டு ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். பழைய நோக்கியாவில் மூடியை நகத்தால் தள்ளினாலே பற்றரி கையில் வந்துவிடும். பற்றரியைக் கழற்ற முடியாதபடி செய்துவிட்டு அதை முன்னேற்றம் என்று விற்றிருக்கிறார்கள். பாவிப்பவரே பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதாகக் கருவிகள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் சட்டம் கொண்டுவந்தது. 2027 பெப்ரவரி 18 இல் அது நடைமுறைக்கு வருகிறது. விதிவிலக்குகளும் வைத்திருக்கிறார்கள், சட்டமென்றால் அது இல்லாமலா? இருந்தாலும் என் கணக்கில் இந்தச் சில வருடங்களின் பெரிய தொழில்நுட்பச் செய்திகளில் இதுவும் ஒன்று. நீ அனுப்பியவற்றில் இது ஒருநாளும் வந்ததில்லை.

இதைவிடவும் பெரியது ஒன்று உண்டு. அதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நாசாவின் வொயேஜர் 1 விண்கலம் 1977 செப்டெம்பர் 5 ஆம் திகதி ஏவப்பட்டது. அடுத்த வருடம் நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பில் சூறாவளி அடித்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. விடியும்போது எங்கள் வளவில் நின்ற தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துக் கிடந்தன. வீட்டுக்குக் கூரையில்லை. நாங்கள் கிடுகு தேடி அலைந்துகொண்டிருந்த அந்த மாதங்களில்தான் இந்தக் கலம் வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1979 மார்ச்சில் அந்தக் கோளைக் கடந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னாளில் நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகையைப் புரட்டியபோது தெரியவந்தது. அன்றிலிருந்து அந்தக் கலத்தின் மேல் எனக்கு ஒரு சொந்தம்.

2023 நவம்பரில் அது அனுப்பும் தரவு திடீரென்று பொருளில்லாத ஒன்றும் பூச்சியமுமாகிவிட்டது. தரவைத் தொகுக்கும் கணினியின் நினைவகத்தில் ஒரு சிப் செத்துப்போயிருந்தது. கலம் அப்போது இருந்ததோ ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீற்றர் தூரத்தில். இங்கிருந்து அனுப்பும் கட்டளை ஒளியின் வேகத்தில் போனாலும் போய்ச்சேர இருபத்திரண்டரை மணித்தியாலம் ஆனது. பதில் வர இன்னும் அவ்வளவு. சிப்பைப் போய் மாற்ற முடியாது. அதில் இருந்த நிரலை நினைவகத்தில் வேறெங்காவது கொண்டுபோய் வைக்கலாம் என்றால், முழுவதையும் வைக்க ஓரிடத்திலும் போதிய வெற்றிடம் இல்லை. அதனால் நிரலைத் துண்டுகளாக வெட்டி, கிடைத்த இடுக்குகளில் ஒவ்வொன்றாகச் செருகி, ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியும்படி முகவரிகளையெல்லாம் திருத்தினார்கள். வடிவமைத்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. இருந்த பழைய ஆவணங்களைப் புரட்டித்தான் வேலை நடந்தது. முதல் திருத்தத்தை 2024 ஏப்ரல் 18 இல் அனுப்பினார்கள், ஏப்ரல் 20 இல் ஒழுங்கான பதில் வந்தது. தொட முடியாத, பார்க்க முடியாத, நாற்பத்தாறு வயதான ஒரு இயந்திரம்! பஸ் நிலையத்துத் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்குரூட்ரைவரை வைத்துவிட்டு, "டீச்சர், பிழை விட்டிருந்தால் இருந்த ஒரே வாய்ப்பும் போயிருக்குமே" என்றார். அவருக்கு விளங்கியது. மேடையில் நிற்கும் கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு விளங்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

கதை எழுதுகிறவர்களுக்கும் இது விளங்கும். விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கை நீ ஆங்கிலத்தில் படித்தாய், நான் அவரை இந்த நாட்டுக்காரராகவே நினைத்துக்கொண்டிருந்தேன். 1956 இல் இங்கு வந்து, 2008 இல் இறக்கும்வரை இலங்கையில்தானே வாழ்ந்தார். கிழக்குக் கடலும் அவருக்குப் பழக்கம். திருகோணமலையில் கடலுக்கடியில் கிடந்த கோணேசர் கோயில் இடிபாடுகளை மூழ்கிப் பார்த்தவர்களில் ஒருவர். 1945 இல், மனிதன் செய்த எதுவுமே பூமியைச் சுற்றாத காலத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றும்படி மூன்று நிலையங்களை மேலே வைத்தால் உலகம் முழுவதுக்கும் ஒலிபரப்பலாம் என்று கணக்குப் போட்டு எழுதினார். காப்புரிமை எடுக்கவில்லை. பின்னாளில் விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கதையொன்று எழுதினார். அதன் அடிவாரம் பூமத்திய ரேகையில் இருந்தாக வேண்டும், இலங்கையோ அதற்கு வடக்கே. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நாட்டையே தெற்கே இழுத்துப் பூமத்திய ரேகையில் வைத்துவிட்டு, அப்படிச் செய்ததைப் புத்தகத்திலேயே சொல்லியும் விட்டார். கதைக்காகத் தீவை நகர்த்தலாம், பௌதிக விதியை நகர்த்தக் கூடாது. இந்த நேர்மை எனக்குப் போதும். செய்தியாக வருகிறவற்றில் தீவு அசையாமல் இருக்கிறது, விதிதான் நகர்கிறது.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கியதும் சித்தப்பா ஓடி வந்து, கூரையில் தட்டுப் பூட்டலாமா என்று கேட்டார். அவருக்கும் வகுப்பெடுத்தேன், உனக்கும் எடுக்கிறேன். கிளார்க் சொன்ன சுற்றுப்பாதை 35,786 கிலோமீற்றர் உயரம். நீ பேசுவது மேலே போய்க் கீழே வர ஏறக்குறையக் கால் செக்கன், என் பதில் உன்னிடம் வர இன்னொரு கால் செக்கன். முன்பு பெரிய மாமா வெளிநாட்டிலிருந்து எடுக்கும்போது இரண்டு பக்கத்திலும் "ஹலோ"க்கள் மோதிக்கொண்டு, பிறகு இருவரும் ஒரே நேரத்தில் மௌனமாகிவிடுவோமே, அது இந்த அரைச் செக்கனின் வேலை. ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கின்றன. மேலே போய்க் கீழே வர நாலு மில்லிசெக்கன் போதும். ஆனால் கிளார்க்குக்கு மூன்று நிலையங்கள் போதுமாக இருந்தன, இதற்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடமளவுக்குத்தான் ஆயுள். பழுதானால் யார் பார்ப்பது? யாரும் பார்ப்பதில்லை. வளிமண்டலத்துக்குள் இறக்கி எரித்துவிட்டு அடுத்ததை ஏவுவார்கள். வாகரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அதனால் இணையம் கிடைத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். சித்தப்பா கிரிக்கெட் பார்ப்பதற்கு அது தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் இயந்திர நாய் ஜீனோவைப் போல ஒன்று வேண்டுமென்று நீ சின்ன வயதில் அடம்பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? 1980களில் எழுதி, 2021 இல் நடப்பதாக வைத்த கதை. 2021 வந்தபோது நாங்கள் ஊரடங்கில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். ஜீனோ வரவில்லை. இல்லாத ஆளை ஒளிப்பிம்பமாகக் காட்டி நாட்டை ஆளும் பகுதிதான் வந்துகொண்டிருக்கிறது. உன் பெரியம்மாவின் வாட்ஸ்அப்பில் செத்துப்போனவர்கள் எல்லாம் எழுந்து அரசியல் பேசுகிறார்கள். பொய் என்று நான் சொன்னால், "வாய் அசைகிறதே" என்கிறாள்.

இனி உன் சண்டைக்கு வருகிறேன். இரண்டு விண்வெளித் தொடர்களில் எது பெரிது என்று தொடங்கி, உன் அறைத் தோழனோடு நீ மாதக்கணக்காகப் பேசாமல் இருக்கிறாய் என்று தங்கச்சி சொன்னாள். அப்பா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே கண்ணகை அம்மனுக்குக் கொம்புமுறி நடக்கும்போது ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். கோவலன் பக்கம் ஒன்று, கண்ணகி பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் என்பது பிறப்போடு வருவது. இரண்டு வளைந்த மரக்கொம்புகளைக் கொழுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் உயிரைக் கொடுத்து இழுப்பார்கள். ஒன்று முறியும். தோற்ற பக்கத்தைக் கிண்டல் செய்து பாடுவார்கள். அவ்வளவுதான், சடங்கு முடிந்தது, அம்மன் கோபம் தணிந்தது. உங்கள் சண்டையில் எந்தக் கொம்பும் முறிவதில்லை. இந்தத் தொடர், அந்தத் தொடர், ஐபோன், ஆண்ட்ரொயிட் என்று வருடம் முழுவதும் இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். இழுக்கும் கயிறை விற்பவனுக்கு மட்டும் நல்ல வியாபாரம். அந்தப் பிள்ளைக்கு நீயே முதலில் அழைப்பெடு. வேண்டுமானால் ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கதை.

இதை எழுதும் முன்பு, உனக்கு அனுப்பக் கொம்புமுறியைப் பற்றி நல்லதாக ஏதாவது கிடைக்குமா என்று அந்தச் செயற்கை நுண்ணறிவு அரட்டை இயந்திரத்திடம் தமிழில் கேட்டேன். காளையின் கொம்பைப் பிடித்து அடக்கும் வீர விளையாட்டு என்று பக்கம் பக்கமாக எழுதியது. கொம்பு என்றதும் மாட்டை அவிழ்த்துவிட்டது! மட்டக்களப்பைப் பற்றி எழுதி வைத்தது குறைவு. இல்லாத இடத்தை, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணக்கால் நிரப்பிவிடுகிறது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புள்ளி போட்டிருப்பேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், என் ஓய்வூதியம் சம்பந்தமான ஆங்கிலக் கடிதத்தை அழகாகத் திருத்திக் கொடுத்தது. கடிதம் எழுத வைத்துக்கொள்ளலாம், ஊர்க்கதை கேட்கக் கூடாது.

ரசிகர் மாநாட்டுக்கு நீ உடுத்துப்போன விண்வெளி வீரர் உடுப்பின் படத்தைப் பெரியம்மாவுக்குக் காட்டினேன். எந்தக் கோயில் திருவிழா என்று கேட்டாள். நான் பார்த்தது தையலை. தோள் மூட்டில் துணி பொங்கி நிற்கிறது, இடக்கைப் பட்டி வலக்கையைவிடக் கீழே இறங்கிக் கிடக்கிறது. அதற்கு நீ கொடுத்ததாகச் சொன்ன டொலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த வருடத்து உடுப்பைக் கடையில் வாங்காதே. தோள் அகலம், கை நீளம், நெஞ்சளவு, கழுத்தளவு நாலையும் எழுதி அனுப்பு. படம் முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கமும் வேண்டும். சாம்பல் நிறத் துணி இங்கே நல்லதாகக் கிடைக்கிறது. நெஞ்சில் மினுங்கும் அந்தச் சிறிய விளக்குகளுக்கு பஸ் நிலையத்துத் தம்பியிடம் கேட்டுவிட்டேன், பற்றரியைக் கழற்றி மாற்றும்படி பொருத்தித் தருவதாகச் சொன்னார். கழுத்துப்பட்டி நிமிர்ந்து நிற்க வேண்டுமா, மடிந்து கிடக்க வேண்டுமா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா