ஊசித்தட்டானைப் பற்றி அப்பா எழுதுவது

கண்ணா,

நீ அனுப்பிய படம் வந்தது. "அக்கா தட்டான், நான் இந்த ஊசித்தட்டான்" என்று கீழே எழுதியிருந்தாய், அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அந்தப் பூச்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில், நேரத்துக்குத் தூங்கு. படத்தின் வெளிச்சத்தைப் பார்த்தால் விடியற்காலை போல இருக்கிறது.

வேகம் தட்டானுக்குத்தான், மறுக்கவில்லை. அந்தரத்தில் அப்படியே நிற்கும், சட்டென்று திரும்பும், பறக்கிற கொசுவைப் பறந்தபடியே பிடித்துத் தின்றுவிடும். பாண்டாலா என்ற வகை இந்தியப் பெருங்கடலையே தாண்டிப் போகிறது. உட்காரும்போதும் இறக்கையை விரித்துத்தான் வைத்திருக்கும், கண் இரண்டும் பெரும்பாலும் உச்சந்தலையில் வந்து ஒட்டிக்கொள்ளும். உன் படத்தில் இருப்பது இறக்கையை முதுகின்மேல் மடித்து வைத்திருக்கிறது, கண்கள் தலையின் இரண்டு ஓரத்திலும் தள்ளி இருக்கின்றன. அதற்காக அது குறைந்துபோன தட்டானா?

புல்லும் நாணலும் நெருக்கமாக நிற்கும் இடத்தில் தட்டானின் வேகம் எதற்கும் உதவாது. அங்கே ஊசித்தட்டான் தண்டுக்குத் தண்டு நிதானமாகப் போய் இலையில் ஒட்டியிருக்கும் அசுவினி என்ற சின்னப் பூச்சிகளைப் பொறுக்கி எடுக்கும். தட்டான்களில் பல வகை வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும், இது தண்டைக் கீறி ஒவ்வொரு முட்டையாக உள்ளே செருகும். சில வகைகளில் பெண் பூச்சி அந்தத் தண்டைப் பிடித்தபடியே தண்ணீருக்குள் இறங்கி, உடம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் காற்றுப் படலத்தை வைத்து மூச்சுவிட்டுக்கொண்டு அரை மணி நேரம்கூட உள்ளே இருக்கும். இளம்பருவத்தில் வால்நுனியில் இலை மாதிரி மூன்று செவுள்கள் இருக்கும், எதிரி பிடித்தால் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கும், பிறகு அது திரும்ப வளர்ந்துவிடும்.

இன்னொன்று. இன்று உயிரோடு இருக்கும் இந்த இரண்டு கூட்டத்திலும் இறக்கை விரிப்பில் மிகப் பெரியது தட்டான் இல்லை, மத்திய அமெரிக்கக் காடுகளில் இருக்கும் ஓர் ஊசித்தட்டான்தான். விரித்தால் 19 சென்டிமீட்டர் வரை வரும், வலையிலிருந்து சிலந்தியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இதை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

படம் அருமையாக இருக்கிறது கண்ணா. இறக்கை நுனியில் இருக்கும் சின்னக் கறுப்புக் கட்டம்கூடத் தெளிவாகத் தெரிகிறது, மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டப் போயிருப்பாய். ஒரு பூச்சிக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கிற பிள்ளை அம்மாவுக்கு இரண்டு வரி எழுதக் கூடாதா? அவள் எதுவும் சொல்வதில்லை, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

அந்த விஷயம் முடிந்துவிட்டது, அதை வைத்து இனி யாரும் யாரையும் எடைபோட மாட்டோம். படத்தை அக்காவிடம் காட்டவில்லை. நீ எழுதியதைப் படித்தால் அவள் தாங்கமாட்டாள்.

இரவில் கண் விழிக்காதே. தூக்கம் வரவில்லையென்றால் எத்தனை மணியானாலும் கூப்பிடு, நான் எடுப்பேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் வால்நுனி தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு படம் எடு, ஆணா பெண்ணா என்று இதில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அப்பா