பம்பையில் குளிக்கலாமா என்று கேட்பவர்களுக்குக் காரணத்தோடு பதில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் செங்கோட்டையில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன். பல வருடங்களாகச் சபரிமலைக்குக் குழு கூட்டிப் போகிற குருசாமி. கேரளத்தில் பரவிய அமீபா மூளைக்காய்ச்சல் பற்றி 2025 கார்த்திகையில் எங்கள் பாதையில் என்னவெல்லாம் பேச்சு நடந்தது, அதில் எது ஆளைக் காப்பாற்றியது, எது கெடுத்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். அடுத்த மண்டல காலம் வருவதற்குள் சரிசெய்ய முடிகிற விஷயம் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

புளியரை, ஆரியங்காவு, புனலூர் வழியாகப் பம்பைக்குப் போகிற வண்டிகள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். மதுரை, விருதுநகர், ராஜபாளையம் பக்கத்து வேன்கள் கடை வாசலில் நிற்கும். இருமுடிப் பை, நெய்த்தேங்காய், கற்பூரம் வாங்க இறங்குவார்கள். சாமான் வாங்குகிறார்களோ இல்லையோ, அந்த சீசனில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, பம்பையில் குளிக்கலாமா?"

கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் கேட்கும்போதே கையில் ஒரு பதிலும் வைத்திருந்தார்கள். அது போனில் வந்த குரல் பதிவு. "நான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பேசுறேன்" என்று தொடங்கும். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர், எந்தத் தேதி, எதுவும் கிடையாது. கேரளாவுக்குள் நுழைந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் அமீபா மூளைக்குப் போய்விடும் என்றது அந்தக் குரல். மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக்கொண்டால் பயமில்லாமல் முங்கலாம் என்றும் சொன்னது. இரண்டும் பொய். முதல் பொய்யைக் கேட்டால் தண்ணீர் குடிக்காமல் மலை ஏற வேண்டியிருக்கும். இரண்டாவதை நம்பினால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படாமல் போய்விடுவோம்.

இதன் விளைவை நீலிமலை ஏற்றத்தில் நேரிலேயே பார்த்தேன். பம்பையிலிருந்து சன்னிதானம் வரை சுமார் 5 கிலோமீட்டர். அப்பாச்சிமேடு வரைக்கும் மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம். வழிநெடுக தேவஸ்வம் ஆட்கள் சுக்கு வெள்ளம் தருவார்கள். சுக்கும் ராமிச்சம் என்கிற வெட்டிவேரும் பதிமுகம் என்கிற மரப்பட்டையும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். எங்கள் குழுவில் வந்த ஒரு கன்னிச்சாமி, இருபது வயதுப் பையன், அதை வாங்க மறுத்துவிட்டான். ஊரிலிருந்து கொண்டு வந்த பாட்டில் நிலக்கல் தாண்டும் முன்பே காலி. உதடு வறண்டு, கால் பின்ன ஆரம்பித்தும் "வேண்டாம் சாமி, கேரளாத் தண்ணி" என்றே நின்றான். அந்த ஏற்றத்தில் மாரடைப்பு வந்து பக்தர்கள் இறப்பது வருடா வருடம் நடக்கிற துயரம். அங்கே தண்ணீர் குடிக்காதே என்று ஒருவன் பெயர் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறான், நாலு மாவட்டம் அதைக் கேட்கிறது. பையனை ஓரமாக உட்கார வைத்து, நான் அந்த சுக்கு வெள்ளத்தைக் குடித்துக் காட்டி, காரணத்தையும் சொன்ன பிறகுதான் குடித்தான்.

அந்தக் காரணம் எனக்குத் தெரிந்தது எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவரால். சீசன் தொடங்கும் முன்பே அவரிடம் போய் நேராகக் கேட்டேன். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு முகத்தைப் பக்கவாட்டில் வரைந்தார். மூக்கின் உச்சியில் சல்லடை மாதிரி பொடி ஓட்டைகள் உள்ள மெல்லிய எலும்பு. அந்த ஓட்டைகள் வழியாக வாசனை அறியும் நரம்பு இழைகள் மேலே மூளைக்குப் போகின்றன. நெக்லேரியா ஃபவுலெரி என்கிற அமீபா இருக்கும் தண்ணீர் மூக்குக்குள் வேகமாக ஏறினால், அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே மூளைக்குப் போய்விடும். பாதை அவ்வளவுதான். வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் இந்த நோய் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் தொற்றாது. கடல் தண்ணீரில் அது வாழாது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம், 46 டிகிரி வெப்பத்தைக்கூடத் தாங்கும். குளோரின் ஒழுங்காகப் போட்ட தண்ணீரில் பிழைக்காது. காய்ச்சாத தண்ணீரைக் குடித்தால் மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் வரலாம், அது வேறு கணக்கு, அதற்காகத்தான் கொதித்த தண்ணீர் என்று பிரித்துச் சொன்னார்.

அந்தச் சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிச் சொன்னேன். அப்புறம் வந்த கேள்விகளைப் பார்த்தால் சந்தோஷமாக இருந்தது. "அப்போ மூக்கைப் பிடிச்சிக்கிட்டு முங்கலாம் இல்லியா?" என்றார் ஒரு பெரியவர். சரிதான், எங்கள் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான் முங்குவார்கள். "கழுத்தளவு நின்னு, சொம்பால தோளில் ஊத்திக்கிட்டா போதுமா?" என்றார் இன்னொருவர். ஒரு மாளிகைப்புறத்து அம்மா, தன் மகன் யோகா வகுப்பில் மூக்கு வழியாகத் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்கிறானே, அது என்ன ஆகும் என்று கேட்டார். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில்தான் அதைச் செய்ய வேண்டும். நான் சொல்லாத விஷயத்தையும் அவர்களே யோசித்துப் பிடித்தார்கள். நல்லெண்ணெய் கதையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. வழி தெரிந்தவுடன் அது தானாகவே அடிபட்டுப் போயிற்று. ஒவ்வொரு புரளிக்கும் தனித்தனியாக மறுப்பு எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை, நோய் நுழைகிற வழியை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் பாதிப் புரளியை மக்களே தள்ளிவிடுவார்கள் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கேரள சுகாதாரத் துறை, ஆற்றில் குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சீசன் தொடக்கத்திலேயே பக்தர்களுக்கு அறிவுரை வெளியிட்டது. கர்நாடக அரசும் தன் ஊர் பக்தர்களுக்குச் சொன்னது. சரியான அறிவுரை. ஆனால் எங்களிடம் வந்து சேரும்போது அது வெறும் ஒற்றை வரி உத்தரவாகச் சுருங்கிவிட்டது. ஏன் மூக்கு, ஏன் வாய் இல்லை என்பது அதில் இல்லை. காரணம் சொல்லாத உத்தரவும், காரணம் சொல்லாத புரளியும் போனில் அடுத்தடுத்து வந்தால் கேட்பவர் எதை வைத்து இரண்டையும் பிரிப்பார்? குரல் எது கனமாக இருக்கிறதோ அதைத்தான் நம்புவார். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர், மலையாளத்தில் வருகிற அறிவிப்பைப் படிக்கிற பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து வருகிற கன்னிச்சாமிக்கு அந்த வசதியும் இல்லை.

இப்போது பத்திரிகைகளைப் பற்றி. என்னிடம் வந்தவர்களில் பலர் போனோடு சேர்த்துப் பேப்பர் கட்டிங்கும் காட்டினார்கள். பெரிய எழுத்தில் மரணம், பீதி. செய்தி முழுக்க எங்கே இறந்தார், என்ன வயது, உறவினர் எப்படி அழுதார் என்பதுதான். எப்படித் தொற்றுகிறது என்று ஒரு வரியும் இல்லாத செய்திகளை என் கையால் வாங்கிப் படித்திருக்கிறேன். இறந்தவரைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அதே செய்தியில் நாலு வரி, வழி எது, வழி எது இல்லை என்று சேர்ப்பதற்கு எவ்வளவு இடம் ஆகிவிடும்? உங்கள் செய்தியாளர் மாவட்ட சுகாதார அலுவலரிடம் ஒரு போன் போட்டால் கிடைக்கிற தகவல்தானே.

இன்னொரு சிக்கலும் உண்டு. கேரளத்தில் இந்த நோய்க்கு உறுதியான மரணம், சந்தேக மரணம் என்று இரண்டு கணக்கு வந்தது. ஒரு நாள் வந்த எண் அடுத்த வாரம் மாறியது. முதலில் குளத்தில் குளித்தவர்களுக்குத்தான் என்றார்கள், பிறகு வீட்டுக் கிணறும் தொட்டியும் பேச்சில் வந்தன, கிணறுகளுக்குக் குளோரின் போட இயக்கமே நடத்தினார்கள். "மாத்தி மாத்திப் பேசுறாங்க, எதையோ மறைக்கிறாங்க" என்று கடையில் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மருத்துவரைக் கேட்டபோது விளங்கியது. மூளைத் தண்டுவட நீரைச் சோதித்து அமீபாவைக் கண்டால்தான் உறுதி என்று எழுதுவார்கள். முடிவு வரும்வரை சந்தேகக் கணக்கில்தான் நிற்கும். தவிர, ஒரே அமீபா கிடையாது. நெக்லேரியா சில நாட்களில் ஆளைச் சாய்த்துவிடும். அகாந்தமீபா என்கிற இன்னொன்று மெதுவாக வாரக்கணக்கில் வேலை செய்யும், உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை அதிகம் பிடிக்கும். புதுச் சான்று கிடைத்ததும் கணக்கை மாற்றுகிறவர்கள் நேர்மையானவர்கள். ஆனால் ஏன் மாற்றினோம் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். எண்ணை மட்டும் மாற்றிப் போட்டால் சந்தேகம் வளர்வது மக்களின் குற்றம் ஆகாது.

போனே கூடாது என்று சொல்கிறவன் நான் இல்லை. நெக்லேரியா தாக்கியவர்களில் உலக அளவில் 100-க்கு 97 பேர் இறந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட நோயிலிருந்து 2024-ல் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான். குளத்தில் குளித்த பிறகு தலைவலியும் வலிப்பும் வந்தது. அவனுடைய தந்தை சமூக வலைத்தளத்தில் இந்த நோயைப் பற்றி ஏற்கெனவே படித்திருந்தார். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினார், குளத்தில் குளித்த விவரத்தைச் சொன்னார். மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகள் காலத்தோடு கொடுக்கப்பட்டன. சரியான தகவல் அந்தத் தந்தையின் கைக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தது.

எங்கள் பாதைக்கு இது இன்னும் முக்கியம். மூக்கில் தண்ணீர் ஏறிய பிறகு நோய் தெரிய 1 முதல் 12 நாட்கள் வரை ஆகலாம். அதாவது பம்பையில் முங்கியவர் தரிசனம் முடித்து, மாலை கழற்றி, சிவகாசியிலோ திருமங்கலத்திலோ வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் வரும். அங்கே இருக்கிற மருத்துவருக்கு இவர் ஆற்றில் குளித்தது எப்படித் தெரியும்? நாமாகச் சொன்னால்தான் தெரியும். நான் என் குழுவுக்கு இதைத்தான் கடைசிப் பாடமாகச் சொல்லி அனுப்பினேன்: இரண்டு வாரத்துக்குள் இப்படி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் பேச்சாக "பம்பையில் குளிச்சேன்" என்று சொல்லுங்கள். "ஐயப்பன் பாத்துக்குவான் சாமி" என்றார் ஒருவர். ஐயப்பன் மேல் எனக்கும் அதே நம்பிக்கைதான். 41 நாள் விரதத்தில் எத்தனை கட்டுப்பாட்டை மனம் விரும்பி ஏற்கிறோம், மூக்கைப் பிடித்து முங்குவதையும் அதில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாமே என்று அவரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

ஆகவே சில வேண்டுகோள்கள். கேரள, தமிழக சுகாதாரத் துறைகள் சேர்ந்து புளியரை சோதனைச் சாவடியிலும் ஆரியங்காவு, எருமேலி, நிலக்கல், பம்பையிலும் தமிழில் பலகை வைக்க வேண்டும். அதில் அந்த மருத்துவர் வரைந்த மாதிரி ஒரு படம் போதும். கீழே வெளியிட்ட அதிகாரியின் பதவி, தேதி, சந்தேகம் கேட்க எண். கேரளத்தில் திசா உதவி எண் 1056, நம் பக்கம் 104. இந்த மூன்றும் இல்லாத எச்சரிக்கையை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் என் குழுவில் சொல்லி வைத்திருக்கிறேன், அரசின் எச்சரிக்கைக்கும் அதே விதிதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் சீசனில் எங்கள் ஊரில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் என் கடை வாசலில் இடம் தருகிறேன். அறிவியலை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பழகியவர்கள் அவர்கள்.

குருசாமிகளையும் யாராவது கூப்பிட்டுப் பேசுங்கள். எங்கள் பேச்சைக் கன்னிச்சாமிகள் கேட்பார்கள். அரை நாள் ஒரு மருத்துவர் எங்களுக்குப் பாடம் எடுத்தால், அது எத்தனையோ வேன்களுக்குள் போய்ச் சேரும்.

உங்களிடம் கேட்பது, கார்த்திகை 1 முதல் மகரவிளக்கு வரை தினமும் ஒரே பக்கத்தில், ஒரே மூலையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. நோய் வரும் வழி, வராத வழி, அறிகுறி, உதவி எண், யார் சொன்னது, எந்தத் தேதி. முந்தைய நாள் தகவல் மாறியிருந்தால் ஏன் மாறியது என்றும் அங்கேயே இரண்டு வரி. முடிந்தால் ஐப்பசி கடைசியிலேயே தொடங்கிவிடுங்கள். மாலை போட்டு விரதம் இருக்கிற நாட்களில்தான் கன்னிச்சாமிகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க எங்களுக்கு நேரம் கிடைக்கும், வேன் கிளம்பிவிட்டால் சரணம் போடத்தான் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு குருசாமி,
செங்கோட்டை.