தீபாவளி சீசனுக்கு ஆள் எடுக்கும் கடை முதலாளிகளுக்கு

தி.நகரிலும் புரசைவாக்கத்திலும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் ஜவுளிக்கடை நடத்தும் முதலாளிகளுக்கும், அந்தக் கடைகளில் ஆள் எடுக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு உங்கள் கடை வாசலில் 'ஆட்கள் தேவை' போர்டு வந்துவிடும். சேல்ஸ், பில்லிங், பேக்கிங், ஹெல்பர் என்று வரிசையாக எழுதி, கீழே சாப்பாடு இலவசம், தங்கும் இடம் இலவசம் என்று போட்டிருக்கும். சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. உள்ளே போய் இன்டர்வியூ முடித்து வெளியே வந்தாலும் தெரியாது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

நான் கொருக்குப்பேட்டைக்காரி. கல்லூரியில் படிக்கும்போதும் அதற்கு அப்புறமும் சில தீபாவளிகள் சேலை செக்‌ஷனில் நின்றிருக்கிறேன். இப்போது வேறு வேலை. ஆனாலும் எங்கள் தெருப் பிள்ளைகள் சீசன் வேலைக்குக் கிளம்பும் முன் என்னிடம் வந்து, "அக்கா, இன்டர்வியூல என்ன கேப்பாங்க?" என்பார்கள். திரும்பி வந்து நடந்ததையும் சொல்வார்கள். கேட்கக் கேட்க எனக்கு உறுத்துவது ஒன்றுதான். நீங்கள் எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். எதையும் சொல்வதில்லை.

இன்டர்வியூ எங்கே நடக்கிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பின்வாசலில், சரக்கு லிஃப்ட் பக்கத்தில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் சுருட்டி வைத்திருப்பார்கள். மேனேஜர் பில்லிங்குக்கும் பார்சலுக்கும் நடுவில் வந்து நிற்பார். பேர் என்ன, எங்கே வீடு, என்ன படிப்பு, கல்யாணம் ஆச்சா, முன்னால எந்தக் கடை, ஆந்திராக்காரங்க வந்தா தெலுங்கு பேசுவியா? இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். "சரி, நாளைக்குக் காலையில வந்துடு." அவ்வளவுதான். நாற்பது பேரை ஒரே மத்தியானத்தில் பார்க்க வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருக்கிறது, புரிகிறது. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தை எதில் செலவழிக்கிறீர்கள்?

நான் முதலில் சேர்ந்த கடையில் சேலை செக்‌ஷனைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் இருந்தார். இன்டர்வியூ என்று வந்த எங்களிடம் பெயரைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ஒரு பட்டுச்சேலையைக் கையில் கொடுத்து, "எதிர்ல கஸ்டமர் உக்காந்திருக்காங்கன்னு நினைச்சு விரிச்சுக் காட்டும்மா" என்றார். முந்தானை வெளியே விழ வேண்டும், பார்டர் அவர்கள் பக்கம் இருக்க வேண்டும், ஜரிகையில் நகம் படக்கூடாது. எனக்கு எதுவும் தெரியவில்லை. அவரே ஒருமுறை விரித்து, பழைய மடிப்பிலேயே மடித்துக் காட்டினார். இரண்டாம் தடவை நான் மடித்ததைப் பார்த்துத் தலையசைத்தார். அப்புறம் ஸ்டூலில் உட்காரச் சொல்லி, காலையில் எத்தனை மணிக்கு வரணும், தீபாவளிக்கு முந்தின வாரம் எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நாளைக்குக் கூலி என்ன, எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிப்பார்கள், கடைசி நாள் எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "இதுக்கு வீட்ல சம்மதம்னா வா, இல்லேன்னா வேற கடை பாரு, கோச்சுக்க மாட்டேன்." அன்று அவரிடம் சேர்ந்த நாங்கள் ஒருவர்கூட நடுவில் வேலையை விடவில்லை. ஆள் எடுப்பது என்றால் எனக்கு இன்றும் அவர்தான் கண்ணில் நிற்கிறார்.

இதற்கு நேர்மாறானதையும் சொல்லியாக வேண்டும். போன சீசனில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இன்னொரு கடைக்குப் போனாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க், கணக்கில் கெட்டி, பில்லிங்குக்குக் கேட்டுப் போனவள். அங்கே இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முன்னாடி கவுன்டருக்குக் கொஞ்சம் கலரா இருக்கிற பொண்ணா வேணும், நீ குடோனுக்கு வேணா வா" என்றாராம். அவளுக்கு எதிரிலேயே, வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி. இந்த ஊரில் உங்கள் கடைக்கு வந்து துணி எடுப்பவர்களில் பெரும்பாலோர் அவள் நிறம்தான். அவர்களுடைய காசு கறுப்பாக இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. உயரம், நிறம், பல்வரிசை பற்றிய பேச்சை இன்டர்வியூவிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். இதில் பேரமே கிடையாது.

நேரத்துக்கு வருகிறேன். சீசன் வேலையில் பிள்ளைகளை அதிகம் வதைப்பது இதுதான். ஒன்பதரைக்கு வரச் சொல்கிறீர்கள். எப்போது விடுவீர்கள் என்று கேட்டால் "கூட்டத்தைப் பொறுத்து" என்கிறீர்கள். மாம்பலம் ஸ்டேஷனில் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு இது போதாது. ஷட்டரை இறக்கிய பிறகும் கலைந்து கிடக்கும் சேலையை எல்லாம் மடித்து அடுக்கிவிட்டுத்தான் வெளியே விடுவீர்கள். ஐப்பசி மழை வேறு. தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் ரயிலும் இல்லை. அரசு சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, உண்மைதான். அந்த நேரத்தில் பஸ் வர வேண்டுமே. வீட்டில் அப்பாவோ அண்ணனோ வந்து கூட்டிப் போக வேண்டும் என்றால் மணி தெரிந்தால்தானே கிளம்ப முடியும்?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவில் 1 மணி நேரம் ஓய்வு. இதெல்லாம் உங்கள் கணக்குப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்கு, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ஓடி வந்த பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. 2021-ல் அதே சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டசபை சொன்னது. கேரளத்தில் அதற்கு மூன்று வருஷம் முன்பே வந்துவிட்டது, கோழிக்கோடு கடைப் பெண்கள் போராடியதன் பலன். சீசன் ஆட்களுக்கும் கால் வலிக்கத்தான் செய்யும். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்பதையும் இன்டர்வியூவிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் புதுப்பிள்ளை பயந்துகொண்டு நின்றே இருப்பாள்.

பிடித்தம் இன்னொரு தலைவலி. செக்‌ஷனில் சரக்கு குறைந்தால் ஆளுக்கு இவ்வளவு, யூனிஃபார்முக்கு இவ்வளவு, கால் மணி நேரம் லேட் என்றால் அரை நாள் கட். எதுவும் சேரும்போது சொல்லப்படுவதில்லை. கணக்குத் தீர்க்கும் அன்றுதான் தெரிகிறது. அந்தக் காசை நம்பி வீட்டில் செய்த ஏற்பாடு அத்தனையும் அங்கேயே குலைந்து போகும். சில இடங்களில் "தீபாவளி முடியட்டும், அடுத்த மாசம் வந்து வாங்கிக்கோ" என்று அலைய விடுகிறார்கள். வேலையை விட்டு அனுப்பினால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்தவருக்கே குறைந்தபட்சம் 8.33 சதவீத போனஸ் உண்டு என்பதும் சட்டம்தான். ஆடியில் கொஞ்சம், தீபாவளிக்குக் கொஞ்சம் என்று ஒரே கடையில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைக் கணக்குப் போட்டுக் கொடுத்தீர்கள்? சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு தற்காலிக ஆட்களுக்கும் பொருந்தும். ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்தால் முதல் நாளே என்றாலும் அது கைகொடுக்கும். பதிந்திருந்தால்.

ஒரிஜினல் மார்க் ஷீட் விஷயம் தனி. நடுவில் ஓடிவிடக் கூடாது என்று அதை வாங்கிப் பூட்டி வைக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. ஸ்காலர்ஷிப்புக்கு, கல்லூரிக்கு, வேறு வேலைக்கு என்று அந்தத் தாள் எப்போது வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆதாரைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் அந்தப் பிள்ளையின் சொத்து. அதைத் தொடாதீர்கள்.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூன்றாம் நாளே சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள், கூட்டம் நெரிக்கிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து லீவு போடுகிறார்கள் என்று புலம்புகிறீர்கள். அது பொய்யில்லை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நின்றுபோனவர்களிடம் ஏன் என்று கேட்டிருக்கிறீர்களா? என்னிடம் சொன்னவர்கள் யாரும் வேலை கஷ்டம் என்று சொல்லவில்லை. இவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது, இவ்வளவு பிடிப்பார்கள் என்று தெரியாது, வீட்டில் திட்டினார்கள் என்றுதான் சொன்னார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒத்துவராதவர்கள் அன்றே விலகியிருப்பார்கள், ஒத்துக்கொண்டவர்கள் கடைசிவரை நின்றிருப்பார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு உங்களுக்குக் கை ஒடிந்திருக்காது.

வேளச்சேரி, ராயப்பேட்டை மால்களில் ஏஜென்சி வைத்து ஆள் எடுப்பவர்களுக்கும் இதே கோரிக்கைதான். அங்கே ஏசி அறையில் உட்கார வைத்து இன்டர்வியூ நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சம்பளம் கடை தருமா, ஏஜென்சி தருமா என்பதுகூடத் தெளிவில்லாமல் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு. தமிழில், பாதிப் பக்கம். வேலை நேரம், ஓவர்டைம் கூலி, நாள் சம்பளம், பிடித்தம் உண்டென்றால் எதற்கு எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் லீவு, ராத்திரி லேட்டானால் வீடு சேர என்ன ஏற்பாடு, கடைசி நாள், கணக்குத் தீர்க்கும் தேதி, பிரச்சினை என்றால் யாரிடம் பேசுவது. கடை முத்திரையோடு இன்டர்வியூ முடிந்ததும் கையில் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு மறுநாள் வந்து சேரட்டும். உங்கள் பில்லிங் மெஷினிலேயே இதை அடித்துக் கொடுத்துவிடலாம்.

இந்த ஆவணியில் போர்டு எழுதும்போது 'ஆட்கள் தேவை'க்குக் கீழே சம்பளத்தையும் நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எந்தக் கடை எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் எங்கள் தெருப் பிள்ளைகளை அனுப்பப் போகிறேன்.

இப்படிக்கு,
சேலை செக்‌ஷனில் நின்ற ஒருத்தி,
கொருக்குப்பேட்டை, சென்னை.